என்ஜினுக்குத் தைத்த சட்டை

எங்கள் ஊரில் எல்லாரும் காருக்கு வெளியேதான் அழகு பார்ப்பார்கள். பின்கண்ணாடியில் பிள்ளைகள் பேரை எழுதுவார்கள், முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார்கள், காசிருந்தால் சீட்டுக்குப் புது உறை போடுவார்கள். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் பானட்டுக்கு உள்ளே அலங்காரம் செய்தார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அதன்மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கார் அப்படித்தான் கோவில்பட்டியைச் சுற்றி வந்தது.

"மூடிக்கெடக்க பானட்டுக்குள்ள யாரு வந்து பாக்கப் போறா?" என்று கேட்டேன்.

"பாக்க வேண்டியவிய பாப்பாவ" என்றார்.

பார்க்க வேண்டியவர் யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டாம். எட்டயபுரம் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறாரே, என் வீட்டுக்காரரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அவர்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் ஒரு காலத்தில் அந்தப் பட்டறையை நடத்தினார்கள். நசுங்கிய கதவு, மடங்கிய பம்பர், ஆட்டு மந்தையில் போய் இடித்து மூஞ்சி கோணிய வேன் என்று எது வந்தாலும் இருவரும் தட்டி நிமிர்த்துவார்கள். ஒருநாள் இவர் தட்டி முடித்த ஒரு கதவை அத்தான் உள்ளங்கையால் தடவிப் பார்த்திருக்கிறார். வண்டிக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். "இதெல்லாம் ஒரு வேலையாலே?" என்று சொல்லிவிட்டு, இவர் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, தானே திரும்பவும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவ்வளவுதான் சண்டை. நிலம், நீச்சு, நகை, நட்டு ஒன்றும் கிடையாது. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு. சொந்தக்காரர்கள் கேட்டால் நானாவது ஒரு பெரிய காரணத்தைக் கற்பனை செய்து சொல்லலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்த மனிதர் திரும்பப் பட்டறைப் பக்கம் போகவில்லை. தீப்பெட்டி ஆபீசில் மெஷின் பார்க்கிற வேலையில் சேர்ந்துகொண்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆயின.

இப்போது அதே அண்ணன் கண்ணில் படவேண்டும் என்பதற்காக என்ஜினுக்குச் சட்டை தைக்கிறார். தைக்கிறது என்று நான்தான் சொல்வேன். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும். நான் வீட்டில் வைத்து நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு எதைப் பார்த்தாலும் தையல்தான். அவருக்கு அந்தச் சொல் பிடிக்காது. "கவர் அடிக்கேன்னு சொல்லுட்டி. சட்டையாம் சட்டை" என்பார்.

கார் மூன்று கை மாறி எங்களிடம் வந்த பழைய வெள்ளைக் கார். அதன் பானட்டைத் திறந்தால் கருகருவென்று வயரும் குழாயும் கரிசல் புழுதியும்தான் இருக்கும். ஹோட்டல் மேஜைக்கு எவர்சில்வர் தகடு அடிக்கிற ஒரு கடையில் இவருக்குச் சிநேகிதம் உண்டு. வெட்டி மிஞ்சின தகட்டுத் துண்டுகளை அங்கிருந்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தார். பின்வாசலில் ஒரு பழைய இரும்புச் சட்டத்தை நட்டு, தகரக் கத்தரி, மரச்சுத்தி, அரம், டிரில் எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்துவிட்டார். உள்ளே என் தையல் மிஷின் கடகட என்கும். வெளியே அவர் டொக் டொக் என்பார். பக்கத்து வீட்டில் இது குடும்பமா தொழிற்பேட்டையா என்று கேட்டார்கள்.

முதலில் என்ஜின் தலைக்கு ஒரு மூடி வெட்டினார். நைட்டிக் கட்டு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அளவெடுத்து, அந்த அட்டையைத் தகட்டின்மேல் வைத்து, ஆணியால் கோடு கிழித்து, கோட்டின்மேலேயே கத்தரியை ஓட்டிவிட்டார். பிறகு ஓரத்தை மடித்து அடித்தார். அடித்து முடித்துக் கொண்டுபோய் வைத்தால், பெரிய தலையில் சின்னக் குல்லா வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"மடிப்புக்கு விட்டியளா?" என்று கேட்டேன்.

"எதை விட?"

"ஓரம் மடிக்கணும்னா அதுக்குத் தகடு கூட விட்டு வெட்டணும்லா? பாவாடைக்குக் கரை மடிக்கத் துணி விடாம வெட்டுனா மொழங்காலுக்குத்தான் வரும்."

அடுத்த அட்டையை வெட்டும்போது என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால் மரியாதையாக இல்லை. "ஏட்டி, சும்மாதான இருக்க, இங்கன வா" என்றார். பத்து நைட்டிக்குக் கை வைக்கவேண்டிய நேரத்தில் நான் சும்மா இருக்கிறேனாம்! இருந்தாலும் போனேன். ரேடியேட்டர் மேல்தகட்டுக்கு நான்தான் காகிதத்தில் மாதிரி வெட்டிக் கொடுத்தேன். குழாய் வருகிற இடத்தில் சட்டைக்குக் கைக்குழி வெட்டுகிற மாதிரி வளைத்து வெட்டினேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன பாராட்டு: "பரவால்ல, ஒனக்கும் கொஞ்சம் வருது."

அதற்குப் பிறகு வந்தது சுழி. எவர்சில்வர் சும்மா பளபளவென்றிருந்தால் தோசைக்கல் மூடி மாதிரி இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கப் போனால் என் பச்சை நாரைக் காணோம். பின்வாசலில் பார்த்தால், அந்த நாரை வட்டமாக வெட்டி டிரில் முனையில் ஒட்டி, தகட்டில் வைத்துச் சுற்றவிடுகிறார். ஒரு சுற்று, நகர்த்தி இன்னொரு சுற்று, முதல் வட்டத்தின்மேல் பாதி ஏறுகிற மாதிரி அடுத்த வட்டம். தகடு முழுவதும் மீன் செதில் மாதிரி வட்டம் வட்டமாக, வெயில் பட்டால் ஒவ்வொரு வட்டமும் தனித்தனியாகத் திரும்பி மின்னுகிறது. நாருக்காகச் சண்டை போடப் போன நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உள்ளதைச் சொல்லவேண்டும், அவ்வளவு அழகாக இருந்தது. என் வீட்டு நிலைக்கண்ணாடி மங்கிப்போய் முகத்தில் மஞ்சள் எது சோறு எது என்று தெரியாத நிலையில் இருக்க, காரின் என்ஜினைப் பார்த்து நான் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வண்டி ஓடினால்தான் பாடு. ரிவெட் அடித்த தகடும் திருகு போட்ட தகடும் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். கழுகுமலைக்கு ஒரு தடவை போய்வந்தோம். வழியெல்லாம் பாத்திர வண்டி வருகிறது என்று நினைத்து வீட்டுப் பெண்கள் பழைய துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வேலை ஓரளவுக்கு முடிந்ததும் கடைவிரிக்க ஆரம்பித்தார். சாயந்தரம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்ததும் முகம் கழுவி, சட்டை மாற்றி, "டீ குடிக்கப் போவமா?" என்பார். வீட்டில் நான் போடுகிற டீக்கு என்ன குறைச்சல் என்று கேட்கக்கூடாது. எங்கள் தெருமுனையிலேயே டீக்கடை இருக்கிறது என்பதையும் சொல்லக்கூடாது. காரை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டுக்குப் போய், அத்தான் பட்டறைக்கு நேர் எதிரே இருக்கிற டீக்கடை முன்னால் நிறுத்துவார். இறங்குவார். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுப்பார். பிறகு அதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி டீக்கிளாசைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். எங்கள் ஊர் வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது? மழை வந்தால் அல்லவா பார்க்க!

இதில் அவர் யோசிக்காத ஒன்று இருந்தது. ரோட்டோரத்தில் பானட் திறந்து ஒரு கார் நின்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எங்கள் சனங்களுக்கு அடுத்தவன் வண்டி நின்றுவிட்டால் பொறுக்காது. முதல்நாள் ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "என்ன அண்ணாச்சி, சூடாயிருச்சா?" என்று தண்ணீர்க் கேனோடு ஓடிவந்தார். மறுநாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன ஒருத்தர் மந்தையையே நிறுத்திவிட்டு, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். ஆடுகள் காரைச் சுற்றி நின்றுகொண்டன. ஒரு கிடா முன்னங்காலைத் தூக்கி வைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. பார்க்க வேண்டியவரைத் தவிர ஊரில் எல்லா ஜீவராசியும் பார்த்தது.

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றார் இவர்.

"பெறவு எதுக்குத் தொறந்து வச்சிருக்கீய?"

"சும்மா. காத்தாட."

"காத்தாடவா? வண்டிக்கா?" ஆட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லாம் நல்லபடிதானே என்று கேட்கிற பார்வை. நான் என்ன சொல்ல? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எதிர்ப்பக்கம் அத்தான் குனிந்த தலை நிமிராமல் ஒரு பம்பரை அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் நாங்கள் வந்து நின்ற பிறகு அடி பலமாக விழுந்தது என்பதை நான் கவனித்தேன். ஒருநாள் அந்த அடியும் நின்றது. பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: "ஏலே, எதுத்தாப்புல எவனோ எவர்சில்வர் கடை போட்டிருக்கான் பாரு. ஓடிப்போயி நமக்கு ரெண்டு டம்ளர் வாங்கிட்டு வா."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் இப்படியா பேசுவார்கள் என்று இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீடு வரும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார்.

"எதுக்கு இந்தச் சிரிப்பு? நாய்ட்டச் சொல்லித் திட்டுதாவ, ஒங்களுக்கு உறைக்கலையா?"

"பாத்திருக்காவள்லா? பாக்காமலா சொல்லுவாவ?" என்றார். அந்த வாரமே இன்னொரு மூடிக்கு அட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டார்.

விளையாட்டு இவ்வளவில் இருந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். முடிவெட்டப் போன இடத்தில் இவருக்கு ஒரு செய்தி கிடைத்தது. "அண்ணன் மகளுக்குக் கலியாணமாமே, விளாத்திகுளத்துப் பக்கம் மாப்பிள்ளையாமே" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். திடீரென்று வந்தார்களாம், பார்த்தார்களாம், அங்கேயே பூ வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம். பத்திரிகை அடித்து வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களாம்; உள்ளூருக்கு இனிமேல்தானாம். பாதி வெட்டின தலையோடு இவர் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. வீட்டுக்கு வந்தவர் குளிக்கப் போனார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அந்தப் பிள்ளையை இவர்தான் தூக்கி வளர்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. பட்டறைக்கு வந்தால் இவர் தோளில்தான் உட்கார்ந்திருக்கும். சண்டை வந்தபிறகும் தெருவில் எங்களைக் கண்டால் "சித்தப்பா" என்று அது ஓடிவரும். எங்களுக்கு இருப்பது ஒரே பையன். அவன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். பெண்பிள்ளை என்றால் இவருக்கு அதுதான்.

"வெத்தல பாக்கு வச்சு அழைச்சாக்கூட நான் போவ மாட்டேன்" என்று அன்று ராத்திரி சோற்றில் கைவைத்தபடி அறிவித்தார். அறிவித்த மனிதர் மறுநாள் முதல் என்ன செய்தார் தெரியுமா? கேட்டுக்கு எண்ணெய் போட்டார், வருகிறவர்கள் தள்ளினால் கிரீச்சிடக்கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார், சத்தம் தாண்டிப் போனதும் மடித்து வைப்பார். அழைப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் அலமாரியில் ஒளிந்திருந்தது. நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன். சீண்டினால் அழுதுவிடுவாரோ என்று பயம்.

காரின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்: "ஏட்டி, பட்டுச்சேலையும் மாலையுமா ஒரு பொண்ணு உக்காந்தா இதுல எடம் போதுமா?"

"எந்தப் பொண்ணு?"

"சும்மா கேக்கேன். பொதுவா."

பொதுவாகவாம்! மண்டபத்துக்கு அந்தப் பிள்ளையைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும், அதுதான் மனசில். அழைப்பே வராத கல்யாணத்துக்கு இவர் வண்டி தயார் செய்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

அத்தான் வீட்டு அக்காவை நான் சந்தையில் பார்ப்பதுண்டு. ஆண்பிள்ளைகள் பேசவில்லை என்பதால் நாங்களும் பேசக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் மழை, விலைவாசி, முட்டுவலி என்று மேலோட்டமாகப் பேசிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த வாரம் கத்திரிக்காய்க் கடையில் எதிரும் புதிருமாக நின்றோம். கல்யாணப் பேச்சை அவள் எடுப்பாள் என்று நானும், நான் எடுப்பேன் என்று அவளும், கத்திரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். கடைசியில் அவள், "வேலை தலைக்குமேல கெடக்கு. எடுத்துக்கட்டிச் செய்ய ஆளுதான் இல்ல" என்றாள்.

"ஆளுக்கா பஞ்சம் ஒங்களுக்கு?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 'எங்களை எப்போது அழைப்பீர்கள்' என்று கேட்பதும் கையேந்துவதும் ஒன்றுதானே. எனக்கும் ரோஷம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஆளு இல்லைன்னா கூலிக்குப் பிடிச்சுக்கிடட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான்தான், "கிளம்புங்க, விளாத்திகுளம் போயி வருஷத்துக்கு வத்தல் வாங்கிட்டு வந்துருவோம்" என்று இழுத்தேன். கிளம்புகிற நேரத்தில் பேட்டரிக்குச் செய்துவைத்திருந்த புது மூடியை மாட்டவேண்டும் என்று நின்றார். பெரிய மூடி, பெட்டி மாதிரி பேட்டரியையே மூடுகிறது. மேலே முழுக்கச் சுழி. உள்பக்கம் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார். மாட்டிப் பார்த்தால் ரப்பர் கனத்தால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து மூடியோடு வரிசை சேரவில்லை. உடனே ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் தகட்டையே வைத்துத் திருகை முடுக்கினார். இப்போது எல்லாம் ஒரே மட்டம். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். ரப்பர் எதற்காக என்று நான் கேட்கவும் இல்லை, அவர் நினைக்கவும் இல்லை. பானட்டைக்கூட அழுத்தி மூடாமல், தகட்டில் கீறல் விழுந்துவிடும் என்று, பாதி கொளுவியபடியே ஓட்டிக்கொண்டு வந்தார்.

விளாத்திகுளத்துக்குப் போகிற வழியும் எட்டயபுரம் ரோடுதானே. வண்டி தானாகவே டீக்கடை முன்னால் நின்றுவிட்டது. வழக்கம்போல பானட் மேலே போனது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கடையில் நல்ல கூட்டம். எல்லாருக்கும் இப்போது விஷயம் தெரியும். தண்ணீர் கொண்டு ஓடிவருகிறவர் யாரும் இல்லை. "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன புதுசு?" என்றுதான் கேட்டார்கள்.

பட்டறையில் சத்தம் இல்லை. அத்தான் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோட்டைத் தாண்டி வந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. டீக்கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு, டீக்காகத்தான் வந்தேன் என்பதுபோல் ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் காரின் முன்னால் வந்து நின்றார்.

"தாயி, வண்டிக்கு என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தான்."

"ஒண்ணுமில்லாத வண்டி எதுக்கு வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது?"

இவர் என்னிடம் திரும்பினார். "வேலை தெரிஞ்சவியளுக்குப் பாத்தாத் தெரியும்னு சொல்லுட்டி."

"எங்க, என்ன வேலைன்னு கேளு தாயி."

"ரெண்டு பேரும் கைக்கு எட்டுற தூரத்துலதான நிக்கீய? நான் என்ன டெலிபோனா?" என்று நான் கத்தினேன். டீக்கடையில் சிரித்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அத்தான் குனிந்தார். என்ஜின் மூடியின் ஓரத்தில் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் மெதுவாகத் தடவினார். அன்றைக்கு அந்தக் கதவைத் தடவின அதே தடவல் என்று எனக்குத் தெரியும்.

"மடிப்பு யாரு அடிச்சது?" என்று என்னிடம் கேட்டார் அத்தான்.

"இவியதான்."

"ம்" என்றார். அப்புறம், "கையில பிசிறு தட்டலை" என்றார்.

இவர் காதுமடல் சிவந்துவிட்டது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாமி, இதோடு அவர் போய்விட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அத்தான் போகவில்லை. கண் அப்படியே நகர்ந்து பேட்டரி மூடியில் போய் நின்றது. புருவம் சுருங்கியது.

"இது என்ன தாயி, இப்படியா வைப்பாவ?"

அவ்வளவுதான், இவர் முகம் மாறிவிட்டது. கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் ஊர் முன்னால் குற்றம் சொல்லப்போகிறார் என்று நினைத்துவிட்டார். "போதும். ஏட்டி, வண்டியில ஏறு" என்று சொல்லி, முட்டுக்கம்பியை எடுத்துவிட்டுப் பானட்டைக் கோபத்தோடு அடித்து இறக்கினார்.

"ஏலே! மூடாதலே! தம்பி, மூடாத!"

அத்தான் கையிலிருந்த டீக்கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது. அவர் முழங்கையை உள்ளே நீட்டிவிட்டார். பானட் அவர் கைமேல் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்ப்பட்டறை நாய் எழுந்து குரைத்தது.

இவர் பானட்டைத் தூக்கி எறிகிறமாதிரி மேலே தள்ளினார். அத்தானின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிவப்பாக ஒரு கோடு, நல்லவேளை அவ்வளவுதான். அந்தக் கோட்டில் இவர் வாயால் ஊதுகிறார். அத்தான் அதைக் கவனிக்கவே இல்லை. இன்னொரு கையால் பேட்டரியைக் காட்டிக் கத்துகிறார்.

"பிளஸ் கட்டைக்கு மேல வெறுந்தகட்ட வச்சிருக்கியே, ஒனக்குக் கண்ணு தெரியலையா? தகட்டத் திருகு போட்டுப் பாடியோட சேத்துருக்க. பானட் அமுக்குனா ரெண்டும் முட்டும்லா? பொறி பறக்கும்லா? ரப்பர் எங்கலே?"

"போட்டேன். தூக்கலா நின்னுச்சு. எடுத்துட்டேன்" என்றார் இவர், மெல்லிய குரலில்.

"அழகு பாத்தியாக்கும்! அழகு! கலியாணத்தன்னைக்குப் புள்ளய இதுல ஏத்திக்கிட்டு மண்டபத்துக்குப் போறப்போ முன்னால தீப்பிடிச்சா என்னலே செய்வ? பின்னால புள்ள உக்காந்திருப்பா, நெனச்சியா?"

இவர் அந்தக் கையை விடாமல் அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"நான் எப்படி ஏத்திட்டுப் போவேன்? கலியாணத்துக்கு என்னை யாரு அழைச்சா?"

அத்தான் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு குரல் உடைந்துபோய்ச் சொன்னார்:

"ஏலே கூறுகெட்டவனே. சித்தப்பனும் அப்பன்தானலே. பொண்ணப் பெத்தவனுக்கு எவன்லே வெத்தல பாக்கு வைப்பான்? நீ வருவ, பந்தலுக்குச் சொல்லுவ, சமையலுக்கு ஆளு பாப்பன்னு அன்னாடம் வாசலப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ என்னடான்னா எதுத்தாப்புல வந்து பானட்டத் தூக்கிக்கிட்டு நிக்க."

அழைப்பு வரவில்லை என்று இவர் இங்கே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வரவில்லை என்று அவர் அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் கத்திரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தக் குடும்பத்தில் எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒருத்தருக்காவது மூளை இருந்ததா? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. அவர்கள் இருவரும் என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அத்தான் பட்டறைக்குள் போய் ஒரு துண்டு டியூப் ரப்பரும் கத்தியும் கொண்டுவந்தார். இவர் திருகைக் கழற்றினார். இரண்டு தலையும் பானட்டுக்குள் ஒன்றாகக் குனிந்தன. ஒருத்தர் மூடியைப் பிடிக்க ஒருத்தர் ரப்பரை அளந்து வெட்டினார்.

பிறகு நிமிராமலே இவர் கேட்டார்: "பந்தக்கால் என்னைக்கு ஊனுறோம்?"

"நாளைக்குக் காலையில."

"எத்தன மணிக்கு?"

பஞ்சாங்கம் பார்க்காமல் பட்டறைப் பூட்டைக்கூடத் திறக்காத மனிதர் எங்கள் அத்தான். ராகு காலத்தில் ஒரு சுத்தியலை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். அவர் ரப்பரை அழுத்தி ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"நீ வந்த பெறவு."